ஒன்பதில் ஓடிய மெஷின்

போன வாரம் என் மகள், புதிதாகச் சேர்ந்த தொழிற்சாலையிலிருந்து போன் செய்து, "எங்க லைன் எட்டுல ஓடுதுப்பா" என்று பெருமையாகச் சொன்னாள். "எட்டுன்னா என்னம்மா?" என்றேன். அவளுக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் மலேசியாவின் செரண்டாவில் ஒரு டி-ஷர்ட் அச்சுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தேன். அங்கே மூன்று ஆட்டோமேட்டிக் ஸ்க்ரீன் பிரிண்டிங் மெஷின்கள் இருந்தன. மூன்றும் மூன்று நாட்டுச் சரக்கு. பலகையில் சட்டையை மாட்டினால், பலகை சுற்றிப் போய் ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கும், அதாவது அச்சடிக்கும் வலைச் சட்டத்துக்கும், கீழே நிற்கும். மாட்டுவதற்கு ஒரு பெண், ஓட்டுவதற்கு ஓர் ஆப்பரேட்டர்.

எங்கள் மேனேஜருக்கு வேகத்தை ஒப்பிடுவதில் அலாதிப் பிரியம். தினமும் காலையில் மூன்று டயல்களையும் எட்டிப் பார்ப்பார். எண்களைப் போர்டில் எழுதுவார். அதோடு அவருடைய ஆராய்ச்சி முடிந்துவிடும்.

"என்னப்பா முனியாண்டி, அஞ்சுலயே படுத்துக் கெடக்கிற? சந்திரனப் பாரு, ஒம்போது!"

"பாஸ், இந்த அஞ்சுக்கே எனக்கு மூச்சு வாங்குது லா."

"அவனுக்கு மட்டும் ரெண்டு மூக்கா இருக்கு?"

அந்தச் சந்திரன் நான்தான். பக்கத்து மெஷினை ஓட்டிய முனியாண்டியின் டயலில் எண் கூடினால் வேகம் கூடும். என் மெஷின் டயலில் இருந்ததோ விநாடிக் கணக்கு. ஓர் அச்சு விழுந்தபின் பலகை எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பதுதான் அந்த எண். ஒன்பது என்றால் ஒன்பது விநாடி ஓய்வு. மூன்று மெஷின் சட்டைகளும் மை காயவைக்கும் ஒரே டிரையருக்குள் போய் ஒரே கூடையில் விழுந்ததால், யார் எத்தனை அடித்தோம் என்று எவருக்கும் தெரியாது. நான் ஐந்தாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவன். மெஷினோடு வந்த புத்தகத்தை முதல் வாரமே படித்துவிட்டேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. தொழிற்சாலையின் ஆகச் சோம்பேறி மெஷினை ஓட்டிக்கொண்டு, ஆகச் சுறுசுறுப்பானவன் என்ற பெயரோடு ஏழு மாதம் உலாவினேன்.

பிறகு பார்வதி என் மெஷினுக்கு வந்தாள். அதுவரை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். முதல் நாள் நான் பின்பக்கம் ஸ்க்ரீன் கழுவப் போயிருந்த நேரத்தில் மேனேஜருக்குக் கருணை பொங்கியது. "புது ஆளும்மா நீ. மெதுவா பழகு" என்று சொல்லி, ஒன்பதை இரண்டுக்குத் திருப்பிவிட்டுப் போய்விட்டார்.

அலறல் கேட்டு ஓடிவந்து ஸ்டாப் பட்டனை அடித்தேன். அதற்குள் சுற்றிவந்த பலகை, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த அவள் மணிக்கட்டை உடைத்துவிட்டது.

மாலையில் மேனேஜர் ரிப்போர்ட்டை நீட்டினார். 'மெஷின் ஆகக் குறைந்த வேகத்தில் ஓடியது. விபத்துக்குக் காரணம் ஊழியரின் கவனக்குறைவு.' சாட்சிக் கையெழுத்து நான் போட வேண்டும். போட்டால் பார்வதிக்கு வேலை போய்விடும்.

"ரெண்டுலதானப்பா வச்சேன்! அதுக்கும் கீழ என்ன இருக்கு?"

"நீங்களே வந்து சட்டை மாட்டுங்க, பாஸ்."

இரண்டில் ஓடவிட்டேன். முதல் சட்டை கோணலாகப் போனது. இரண்டாவதை மாட்டுவதற்குள் வெறும் பலகை போய்விட்டது. மூன்றாவது சட்டையைக் கையில் பிடித்தபடி பின்னால் துள்ளினார். ஒன்பதுக்குத் திருப்பினேன். பலகை சாவகாசமாக நின்றது.

"அப்படின்னா இத்தன மாசமா நீ...?"

"ஆமா பாஸ். மூணு பேர்ல நான்தான் ஆகக் கடைசி."

முனியாண்டி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். ரிப்போர்ட் கிழிந்தது. பார்வதியின் வேலை தப்பியது.

நான் கற்றது இதுதான். வேகம் என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எதனுடைய எண் என்று கேளுங்கள். கடிகாரத்தை வைத்து, நிமிடத்துக்கு எத்தனை சட்டை விழுகிறது என்று நீங்களே எண்ணுங்கள். தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

கட்டுப் பிரித்து வந்த பார்வதி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தெரிஞ்சும் சொல்லலியா, அண்ணே?"

எந்த மெஷினுக்குப் போகிறாய் என்று மேனேஜர் கேட்டபோது, அவள் நேராக முனியாண்டியிடம் போய் நின்றாள். மூன்றிலும் வேகமான மெஷின் அதுதான்.