மேடு பார்த்து நிற்கும் கார்

இலங்கை மலையகத்து நோர்வூட்டில் வாடகைக் கார் ஓட்டிய றோலண்ட் எதற்கும் பதறாதவர். அவருடைய பழைய காரின் பிரேக்கில் தயாரிப்புக் கோளாறு என்றும், புதிய பிரேக் கப்பலில் வந்ததும் இலவசமாக மாற்றித் தருவதாகவும் எழுபத்தொன்பதாம் ஆண்டிலேயே கார் கம்பெனி சொல்லியிருந்தது. கப்பல் வரும்வரை மேடு பார்த்துத்தான் காரை நிறுத்தினார்.

ஒருநாள் பிரசவ வலியில் துடித்த நாகலெட்சுமியை ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி பள்ளத்தில் இருந்தது. கார் அதன் வாசலைத் தாண்டி எதிர் மேட்டில் ஏறியது.

"அண்ணே, ஆஸ்பத்திரி பின்னால போகுதுங்க!" என்று அலறினான் அவள் புருஷன் சோலைமலை.

"நாமளும் பின்னாலதான் வருவோம், இருங்க தம்பி."

சொன்னபடியே கார் பின்னோக்கி உருண்டு, வாசலை மறுபடி தாண்டியது.

"அடுத்த தடவையாச்சும் எறக்கிருவீங்களா?" என்று வாசலில் நின்ற நர்ஸ் கேட்டாள்.

இறக்கினார். பிள்ளை ஆஸ்பத்திரிக்குள்தான் பிறந்தான். அவன் நடக்கப் பழகிய பிறகு பிரேக் வந்து சேர்ந்தது.