பிலோமினா அக்காவும் முயல் நாயும்

போன வியாழக்கிழமை மத்தியானம் கிருஷ்ணகிரி பஸ் சூளகிரி மாட்டாஸ்பத்திரி வாசலில் நின்றது. கண்டக்டர் இறங்கக்கூட இல்லை. படியில் நின்றபடியே, “கம்பவுண்டரே, உங்க நாய்க்காரம்மா போயிட்டாங்களாம்!” என்று கத்திவிட்டு விசில் ஊதினார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்த அம்மாளுக்குப் பிலோமினா என்று பெயர் உண்டு. இத்தனை வருஷம் நம்மோடு இருந்தவருக்கு நாம் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

அக்கா புதுச்சேரிக்காரர். ஒரு பிரெஞ்சுத் துரைக்குச் சமைத்துப் போட்டவர். பிரெஞ்சு ஆட்சி முடிந்து மற்ற துரைகள் கப்பலேறியபோது அந்தத் துரை மட்டும் நம் ஊர் மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். கூடவே அக்காவும், பெல் என்கிற பெட்டை நாயும். பிறகு உடம்புக்கு முடியாமல் துரையும் சீமைக்குப் போய்விட்டார். தோப்புக் காவலும் நாயும் அக்காவுக்கு என்று ஆயிற்று.

பெல் போர்சலேன் ஜாதி. பீங்கான் என்று அர்த்தமாம். வெள்ளைவெளேரென்ற மெல்லிய ரோமம், காதில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகள். பிரான்சில் பிரபுக்கள் மந்தை மந்தையாக வளர்த்த வேட்டை நாய். அங்கே புரட்சி வந்து பிரபுக்களின் தலை உருண்டபோது நாய்களும் சிதறிப்போயின. இனமே அற்றுப்போக இருந்ததை, சுவிட்சர்லாந்துப் பக்கம் மிஞ்சியவற்றை வைத்து மறுபடி பெருக்கினார்களாம். துரை சொன்ன இந்தக் கதையை எனக்குச் சொல்லும்போதெல்லாம் அக்காவுக்கு ஆத்திரம் பொங்கும். “ராசாங்க மேல கோவம்னா ராசாங்ககிட்ட காட்டு. நாயி என்னா பண்ணுச்சு?” என்பார்.

மழைக்காலத்தில் அந்த நீளக் காதுக்குள் சீழ் வைக்கும். மருந்து போடும்போது என் கை கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டால் போதும், “மாட்டுக் காதுன்னு நெனச்சிட்டியா?” என்று பஞ்சைப் பிடுங்கிக்கொள்வார். தினமும் காதை மடித்துப் பழந்துணியால் துடைப்பார், உண்ணி எடுப்பார். வெள்ளைத் தோல் வெந்துவிடும் என்று உச்சி வெயிலில் வெளியே விடமாட்டார். அதட்டினால் பெல் ஒருநாள் முழுக்கச் சோறு தொடாது. தனியாக விட்டால் ஏங்கிப்போகும். யாரையும் கடித்ததில்லை. முயல் வாசனை கிடைத்தால் மட்டும் தலையை நிலத்தோடு வைத்து, நாதஸ்வரம் மாதிரி நீளமாகக் குரல் கொடுத்துக்கொண்டு ஓடும். “இதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, மொசலு” என்பார் அக்கா.

மூன்று வருஷத்துக்கு முன் பெரிய தோட்டத்துக்காரரின் கிணற்று மோட்டார் காணாமல் போனது. ஊரே என்னிடம் வந்தது. “பிரெஞ்சு நாயிக்கு மூக்கு பலே மூக்காமே?” டீக்கடையில் அப்படிப் பீற்றிக்கொண்டவன் நான்தானே! அக்கா சந்தைக்குப் போயிருந்தார். நானே போய்ப் பெல்லைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தேன். கிணற்றடியில் அது சும்மா நின்றது. வரப்புக்கு வந்ததும் குரலெடுத்தது. கேழ்வரகுக் கொல்லையைத் தாண்டி இழுத்துக்கொண்டு ஓடி, கூலி வேலை செய்யும் திம்மப்பாவின் குடிசைக் கதவைப் பிறாண்டியது. வேலியில் முயல் தோல் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். “கம்பவுண்டர் கண்டுபிடிச்சிட்டாருடா!” என்று கூட்டம் என் முதுகில் தட்டியது. அந்தத் தட்டலில் மயங்கி வாயை மூடிக்கொண்டேன்.

திம்மப்பாவைப் புளியமரத்தில் கட்டி அடித்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது. சந்தைக் கூடையோடு ஓடிவந்த அக்கா கூடையை வீசிவிட்டு நடுவில் புகுந்தார். “அடப் பாவிங்களா! அது மொசலு வாசனைக்குப் போன நாயிடா! மோட்டாரு தேடவா அதுக்குத் தெரியும்?” என்று அலறினார். பிறகு என் பக்கம் திரும்பி, “உனக்குத் தெரியுமில்ல? சொல்லுய்யா!” என்றார். நான் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த கோடையில் கிணறு வற்றியது. சேற்றில் மோட்டார் கிடந்தது. உட்கார வைத்திருந்த பலகை உளுத்து, மோட்டார் தானாகவே உள்ளே விழுந்திருக்கிறது. கயிறு போட்டுத் தூக்கினார்கள், தேங்காய் உடைத்தார்கள், மறுபடி மாட்டினார்கள். திம்மப்பாவிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். “திம்மப்பா திருடலன்னு ஊரு நடுவுல ஒருவாட்டி சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.” ஊர்த் தலைவர், “அதான் மோட்டாரு கெடச்சிருச்சே, விடும்மா” என்று சொல்லிவிட்டார். அக்கா என்னிடமும் வந்தார். “அரசாங்க உத்தியோகம் அக்கா, ஊரைப் பகைச்சிக்க முடியுமா?” என்று நான் இழுத்தேன். “நாயி தப்பா போனா, கூப்ட்டா திரும்பி வருது. உன்ன எப்பிடிக் கூப்புடறது?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஊரிடம் கேட்ட அந்த ஒரு வார்த்தை காதில் விழாமலேயே செத்தும் போனார்.

அடக்கத்துக்கு எல்லோரும் வந்திருந்தீர்கள். தலைவர் மாலை போட்டு, “தங்கமான மனுஷி” என்றார். வெட்கமாக இல்லையா? திம்மப்பா வந்தார். வலது கை மடங்காததால் இடது கையால் மண் அள்ளினார். பின்னாலிருந்து ஒருவர், “செருப்பெல்லாம் பாத்துக்குங்கப்பா” என்றார். நாலு பேர் சிரித்தீர்கள். குழி இன்னும் மூடவில்லை!

நான் கத்திவிட்டேன். “திம்மப்பா திருடல! நாயைக் கூட்டிட்டு வந்தவன் நான். மொசத் தோலப் பாத்துட்டு வாய மூடுனவனும் நான்!” தலைவர், “எடம் தெரிஞ்சு பேசுங்க கம்பவுண்டரே” என்றார். திம்மப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. “அக்கா இருக்கறப்போ சொல்லியிருக்கலாம் சார்” என்று சொல்லி, மண்ணைப் போட்டுவிட்டு நடந்தார்.

ஆன்மா சாந்தியடையட்டும் என்று நான் எழுத மாட்டேன். அக்கா சாந்தமாகப் போகவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம்தான். அதைத் தணிய விடமாட்டேன். படிக்கத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, பஸ் நிற்கும் இடத்திலும் டீக்கடையிலும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். திம்மப்பா திருடவில்லை.