கலியாணமோ, செத்தவீடோ

புத்தூரில் தனியாக இருக்கும் எனக்கு முப்பத்திரண்டு அங்குலத் தொலைக்காட்சியே அதிகம். செய்தி வாசிப்பவரின் மூக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் யாருக்கு என்ன நட்டம்? புதிது வாங்கச் சொன்னவர்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கனடாவில் என் தங்கை இறந்தபோது அந்தப் பிடிவாதம் ஆட்டம் கண்டது. விசா கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். இப்போது எங்களில் பலர் செத்தவீட்டுக்குப் போவதே இணைய நேரலையில்தான். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். பிரேதப் பெட்டிக்குள் தங்கை ஒரு மஞ்சள் திட்டாகக் கிடந்தாள். எழும்பிப் போய், திரையில் மூக்கு முட்ட நின்று பார்த்தேன். கிட்டப் போகப் போக அவள் இன்னும் கலைந்துபோனாள். முடிந்ததும் கிணற்றடியில் தலைமுழுகினேன். துவாய் எடுத்துத் தர வீட்டில் ஆளில்லை என்பது தண்ணீர் ஊற்றிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இந்த வருடம் அங்கேயே இருக்கும் அண்ணைக்கு வருத்தம் முற்றிவிட்டது. வைத்தியர்கள் கைவிரித்துவிட்டார்கள். கூடப்பிறந்தவர்களில் எனக்கு மிஞ்சியிருப்பது அவர் ஒருவர்தான். அவருடைய மகன் தொலைபேசியில் சொன்னான்:

"சித்தப்பா, உந்தப் பழைய ரிவியை மாத்துங்கோ. ஃபோர்-கே ஒண்டு வாங்குங்கோ."

ஏன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "பாப்பம்" என்று வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தது. மனிதர் இன்னும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் அவருடைய சாவைப் பார்க்க நான் தொலைக்காட்சி வாங்குவதா? வாங்காமல் விட்டால் அவரும் ஒரு திட்டாகத்தான் போய்ச் சேருவார். இரண்டு கிழமை இதே யோசனைதான். வாய்விட்டுக் கேட்க ஆளில்லாத வீட்டில் ஒரு யோசனை என்ன மாதிரி வளர்ந்துவிடுகிறது!

கடைசியில் யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"கலியாணமோ ஐயா, செத்தவீடோ?"

"கலியாணம்" என்றேன். வாய் கூசாமல் பொய் வந்தது.

"அப்ப ஐம்பத்தைஞ்சு அங்குலம் எடுங்கோ. தாலிக்கொடி எத்தினை பவுண் எண்டு இருந்த இடத்திலையே சொல்லலாம்."

அடுத்த நாள் பின்னேரம் அவரே வந்து சுவரில் பூட்டினார். கைபேசியில் வரும் முகத்தைத் தொலைக்காட்சியில் போடவும் காட்டித் தந்தார். அவர் போனதும் அண்ணையை அழைத்தேன். அங்கே காலை. தலையணையில் சாய்ந்திருந்தார். கன்னத்து எலும்பு, சவரம் செய்யாத நரைமுள், உதட்டு வெடிப்பு எல்லாம் தெரிந்தன. இவ்வளவு மெலிந்துவிட்டார் என்பது சின்னக் கைபேசியில் எனக்குத் தெரியவேயில்லை.

"அண்ணை, புது ரிவி வாங்கிட்டன். சுவர் முழுக்க நீங்கள்தான்."

ஏன் வாங்கினாய் என்று அவர் கேட்கவில்லை. சிரிக்கப் பார்த்தார்.

"வடிவாய்த் தெரியுதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப இப்பவே பாத்துக்கொள்ளடா. அண்டைக்கு நான் உன்னைப் பாக்கமாட்டன்."

கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.