பொழுது சாய்ந்தால் சொருகும் கண்

தசை நோய்க்காரர் டாக்டரிடம் வந்து சேர்வதற்குள் ஊர் அவருக்குச் சோம்பேறிப் பட்டம் கொடுத்து முடித்திருக்கும். என்னைப் போல டாக்டர் தொழிலில் புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்குக்கூட இது தெரியும்.

காலைப் பஸ்

இது நான் கண்ணால் பார்த்ததல்ல. நான் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் நடந்தது, அங்கே மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் சொன்னார். மதராஸிலிருந்து வாரம் ஒருமுறை வரும் நரம்பு டாக்டர், இந்தப் பக்கத்துத் தசை நோய்களை ஆராய்ந்தும் வந்தார். சிங்கவரத்து மாமியார் ஒருவர், மருமகள் பச்சையம்மாளைக் காலைப் பஸ்ஸில் கூட்டி வந்தாராம். பரிசோதித்ததில் கண், கை, கால் எல்லாம் சரியாக இருந்தன.

"காலைல நல்லாத்தான் இருப்பா டாக்டரே. பொயுது சாஞ்சா கண்ணு சொருவிக்கும், கை தூக்க வராது. அடுப்பைக் கண்டாத்தான் இவளுக்கு நோவு. வல்லத்துல அவ அம்மா வூட்லயே வுட்டுடலாம்னு இருக்கோம்."

வறுத்த கடலை

அடுத்த வாரம் அவர்களை மறுபடி வரச் சொல்லியிருந்தார். அதற்குள் நான் உதவி டாக்டராகச் சேர்ந்துவிட்டேன். அன்றும் காலைப் பஸ்தான். நரம்பு டாக்டர், எங்களுக்கெல்லாம் அவர்தான் பெரிய டாக்டர், ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்கிவரச் செய்து, பச்சையம்மாளை மென்று தின்னச் சொன்னார். புரையேறிவிடுமோ என்று நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்திலேயே நின்றேன். முதலில் வேகமாக மென்றாள். போகப்போக வேகம் குறைந்தது. பிறகு தாடையைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றாள். இமைகளும் இறங்கின.

"பாருங்க, திங்கறதுக்கும் சோம்பல்" என்றார் மாமியார்.

"வேலைக்குச் சோம்பல்படறவங்க உண்டு பெரியம்மா. திங்கறதுக்குச் சோம்பல்படறவங்களைப் பார்த்திருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

மாமியார் யோசித்தார். "எங்க வூட்ல அப்டி யாரும் இல்லியே."

ஊசி

ஊசி போடும் வேலை எனக்கு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். மருந்தின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுத்தான் போட்டேன். சிறிது நேரத்தில் இமைகள் மெல்ல ஏறின. பச்சையம்மாள் மாமியாரை உற்றுப் பார்த்தாள். சாயங்காலமானால் தனக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும் என்பதை அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அத்தே! இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க!"

மாத்திரை

இது வேலை செய்யச் செய்யத் தசை களைத்துப்போகிற நோய், அடியோடு தீராது, வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டு வந்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்று பெரிய டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மாமியார் மாத்திரைகளை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். சில நாள் கழித்து கம்பவுண்டர், "வல்லம் பஸ்ல அந்த மாமியாரைப் பார்த்தேன் சார். பொண்ணை வுட்டுட்டு வந்துட்டாங்க போலிருக்குது" என்றார்.

மாமியாரையே கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சிங்கவரம் போனேன். பச்சையம்மாள் அங்கேதான், சுவரில் சாய்ந்து கண் மூடியிருந்தாள். கடலை உரித்துக்கொண்டிருந்தவர் மாமியார்.

"சத்தம் போடாதீங்க டாக்டரே. இப்பத்தான் மாத்திரை போட்டிருக்கா. அது வேலையை ஆரம்பிக்கறவரைக்கும் அவளுக்கு லீவு."

கம்பவுண்டர் சொன்ன வல்லம் பயணமும் பொய்யில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: 'உம் பொண்ணு நடிக்கல' என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவர, மாமியார் தனியாகத்தான் போய்வந்திருக்கிறார்.