பெரிய வெள்ளியும் கருப்பட்டித் தண்ணீரும்

என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி என்று கோவில்பட்டி டாக்டர் சொன்னபோது மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. அது பணக்காரர்களுக்கு வருகிற நோய், பருத்திக் காட்டிலேயே காலம் தள்ளிய தனக்கு எப்படி வரும் என்று டாக்டரிடமே வழக்காடினார். டாக்டர் பொறுமைசாலி. வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது, அது இன்சுலினைச் சுரக்கவேண்டும், உங்களுக்கு அது வேலை செய்யவில்லை என்று விளக்கினார். மில்லில் வேலைநிறுத்தம் செய்கிறவர்களுக்காவது ஒரு கோரிக்கை இருக்கும், இதற்கு என்ன கோரிக்கையாம் என்று மாமியார் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் ஊசி போடவேண்டும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார், அதை யார் போடுவது என்ற கவலை எனக்கு.

கவலைப்பட்டபடியே ஆயிற்று. டாக்டர் முதலில் என் கணவருக்குத்தான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். நூல் மில்லில் அத்தனை இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிற மனிதர், ஊசி முனையைப் பார்த்ததும் முகம் வெளுத்து, வாசலுக்குப் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமியாரோ கம்பவுண்டரிடம் மருந்து கசக்குமா என்று விசாரிக்கப் போய்விட்டார். கல்யாணமாகி வருஷம் திரும்பாத நான்தான் மிச்சம். ஆகவே டாக்டர் கடைசியாகச் சொன்ன முக்கியமான விஷயம் என் ஒருத்தி காதில் மட்டும் விழுந்தது. ஊசி போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். உடம்பெல்லாம் வியர்க்கும், பேச்சு முன்னுக்குப்பின் முரணாகும், நினைவு தப்பிவிட்டால் உயிர் தங்காது. அந்த நேரத்தில் இனிப்புதான் மருந்து என்றார்.

இதெல்லாம் அறுபதுகளின் தொடக்கத்தில். இப்போது கையில் ஒட்டிக்கொள்கிற ஒரு வில்லை, சர்க்கரை எவ்வளவு என்று செல்போனுக்குச் சொல்லிவிடுகிறது. குடல்கூட ஹார்மோன் சுரக்கிறதாம், அதே மாதிரி செய்த மருந்தைப் போட்டால் சர்க்கரையும் இறங்குகிறதாம், உடம்பும் இளைக்கிறதாம். பேப்பரைத் திறந்தால் தினம் ஓர் ஆராய்ச்சி. எங்களுக்கு வாய்த்தது ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு பாட்டில் நீல மருந்து, அவ்வளவுதான். நீல மருந்தில் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் கொதிக்கவைக்கவேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் ஏகப்பட்ட சர்க்கரை. காலையில் எல்லார் வீட்டு அடுப்பிலும் காப்பி கொதிக்கும், என் அடுப்படியில் இது கொதிக்கும். இன்சுலின் பாட்டிலை ஈரமணல் போட்ட பானைக்குள் புதைத்து வைப்பேன். ஊசி மழுங்கினால் சாணைக் கல்லில் தேய்த்துக் கூராக்கிக்கொள்வேன். மாமியார் ஊசிக்குப் பயப்படவில்லை. குறை மட்டும் சொல்வார். எருமைக்கு ஊசி போடுகிறவன்கூட இதைவிட மெதுவாகப் போடுவான் என்பார்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், சுற்றிலும் கரிசல் காடாக இருந்த சின்ன ஊர். யார் வீட்டுக்குப் போனாலும் மாமியாருக்கு ஒரு துண்டு கருப்பட்டியாவது, கடலைமிட்டாயாவது கையில் கிடைத்துவிடும். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒருநாள் வீடு வீடாக ஏறி இறங்கி, அத்தைக்கு இனிப்புக் கொடுப்பதும் விஷம் கொடுப்பதும் ஒன்றுதான், இனி யாராவது கொடுத்தால் நான் மனுஷியாக இருக்கமாட்டேன் என்று சண்டைக்காரி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். ஊர் அரண்டுவிட்டது. மாமியாரின் பால்ய சிநேகிதி ஒருவர் இருந்தார், சர்ச்சில் விசேஷத்துக்குச் சமையல் எல்லாம் அவர் பொறுப்பு. அவர்தான் மற்றவர்களைவிட அதிகமாக அரண்டவர். அன்று முதல் மாமியார் அவர் வீட்டுக்குப் போனால், கருப்பட்டிப் பானையையே தூக்கி உள்ளே வைத்துவிடுவாராம்.

அந்த வருஷம் பெரிய வெள்ளி வந்தது. எங்கள் சபையில் அன்று பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலை கட்டுவார்கள். மதியம் மூன்று மணி நேரம் நடக்கிற மும்மணி ஆராதனை. சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பிரசங்கம். அது முடிகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்துவிட்டு, பிறகு சர்ச்சுக்குப் பின்னால் காய்ச்சுகிற கஞ்சியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் அந்த உபவாசத்தை ஒரு வருஷமும் விட்டதில்லை. முந்தின வாரமே ஐயரை, எங்கள் சபைப் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், வீட்டுக்கு வரவழைத்து, நோயாளிகள் உபவாசம் இருக்கவேண்டியதில்லை என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தேன். மாமியார் மகா பணிவாகத் தலையாட்டினார். அந்தப் பணிவைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

அன்று காலை குழாய் நல்ல நீலம். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஊசியைப் போட்டு, இட்லியைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது.

சர்ச்சுக்குள் ஒரே புழுக்கம். பெண்கள் பக்கம் பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். மாமியாரின் சேலை முதுகோடு ஒட்டிக்கிடந்ததைப் பார்த்தேன். கரிசல் காட்டில் ஏப்ரல் மாதம் யாருக்குத்தான் வியர்க்கவில்லை என்று விட்டுவிட்டேன். நான்காம் வார்த்தை முடிந்து எல்லாரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, மாமியார் கணீரென்று கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடத் தொடங்கினார். பாலன் பிறந்த சந்தோஷத்தில் கையையும் தட்டினார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை கூடவே கை தட்டியது.

நான் அவர் கையைப் பிடித்தேன். சில்லென்று, நனைந்த துணி மாதிரி இருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் யாரென்று அதற்குத் தெரியவில்லை. காதருகில் போய்க் கேட்டேன்.

"அத்தை, காலைல இட்லி சாப்ட்டியளா?"

"பெரிய வெள்ளியும் அதுவுமா யாராவது சாப்பிடுவாளாட்டி? இட்லிய கோழிக்குப் போட்டேம்லா."

காலையில் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த நீலம் இப்போது பயமுறுத்தியது. சர்க்கரை மிஞ்சாத உடம்பில், இருந்த கொஞ்சத்தையும் விரட்டுகிற மருந்தை என் கையாலேயே ஏற்றியிருக்கிறேன். மதியத்தில் பஸ்ஸும் கிடையாது, டாக்டர் இருப்பது கோவில்பட்டியில். மாமியாரைப் பக்கத்தில் இருந்தவர்மேல் சாய்த்துவிட்டு, கஞ்சி காய்ச்சுகிற இடத்துக்கு ஓடினேன். கஞ்சிக்குக் கடித்துக்கொள்ளத் தேங்காய்ச் சில்லும் கருப்பட்டியும் அங்கே தயாராக இருந்தன. ஒரு வட்டுக் கருப்பட்டியைக் கையில் எடுத்தேன். கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த மாமியாரின் சிநேகிதி, யாருக்கு என்று கேட்டார். அத்தைக்கு என்றேன். அவர் கருப்பட்டியோடு சேர்த்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நீதானட்டி விஷம்னு வீடு வீடா வந்து சொன்ன? இப்பம் மாமியாளக் கொல்லப் பாக்கியா?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் கற்றுக்கொடுத்த பாடத்தைத்தான் ஒப்பித்தார். உட்கார்த்தி வைத்து இன்சுலினைப் பற்றி விளக்க நேரமில்லை. கையை உதறிக்கொண்டு, கருப்பட்டியை அம்மியில் வைத்து நசுக்கித் தண்ணீரில் கரைத்தேன். கரைக்கும்போது எனக்கும் சந்தேகம் வந்தது. நான் நினைத்தது தப்பாக இருந்தால்? சர்க்கரை கூடித்தான் இப்படிப் பிதற்றுகிறார் என்றால்? மருமகள் கையால் இனிப்புக் குடித்து மாமியார் செத்தார் என்று ஊர் ஆயுசுக்கும் பேசுமே. ஆனால் கூடியிருந்தால் ஒரு தம்ளர் தண்ணீரால் இன்றைக்கே உயிர் போய்விடாது, குறைந்திருந்தால் கொடுக்காவிட்டால் போய்விடும். கணக்கு அவ்வளவுதான் என்று தம்ளரோடு உள்ளே ஓடினேன்.

மாமியார் வாயை இறுக மூடிக்கொண்டார். நினைவு பாதி போன பிறகும் உபவாசம் மட்டும் போகவில்லை. நான் தாடையைப் பிடித்து அழுத்தி, ஊற்றி, துப்பியதையும் பொருட்படுத்தாமல் திரும்ப ஊற்றினேன். வெள்ளைச் சேலை முழுக்கக் கருப்பட்டிக் கறை. சபையில் சலசலப்பு. ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நின்றார். தாகத்தைப் பற்றிய ஐந்தாம் வார்த்தையில் இருந்தார் பாவம். நான் அழுதுகொண்டே ஊற்றினேன். இந்த வாயாடிக் கிழவி செத்துவிடக்கூடாது என்று அப்போது வேண்டிக்கொண்ட மாதிரி நான் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணுக்கு வெளிச்சம் வந்தது. சுற்றிலும் பார்த்தார். உதட்டை நக்கினார். என்ன நடந்தது என்று அந்த இனிப்பே அவருக்குச் சொல்லிவிட்டது. முகம் சிவந்து, என் கையைத் தட்டிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆராதனை முடிகிறவரை என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சில்லை. இத்தனை வருஷ உபவாசத்தை ஊர் முன்னால் கெடுத்துவிட்டேனாம். சனிக்கிழமை காலை ஊசிக்குக் கை நீண்டது, முகம் சுவரைப் பார்த்தது. எருமைக்காரனோடு என்னை ஒப்பிடக்கூட இல்லை. இட்லி வேண்டும் என்பதைக்கூட மகனிடம் சொல்லி, மகன் என்னிடம் சொல்ல, நான் வைக்க, அவர் சாப்பிட்டார். ஆனால் என் கண்முன்னால் வைத்து, கடைசி விள்ளல் வரைக்கும் சாப்பிட்டார். எனக்குக் கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது. உயிரைக் காப்பாற்றியதற்கு இதுதானா மரியாதை என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் ஊசியைப் பார்த்த மாதிரியே என்னையும் பார்த்துவிட்டு மெதுவாக வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். ஆராதனை முடிந்து எல்லாரும் சர்ச் வாசலில் கூடி நின்றார்கள். சிநேகிதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமியாரிடம் வந்தார். ஊரே காதைத் தீட்டிக்கொண்டது. மருமகள் இப்படிப் பண்ணிப்போட்டாளே, அவளை மன்னித்துவிட்டாயா என்று கேட்டார். மாமியார் இரண்டு நாளாக என் பக்கம் திரும்பாத முகத்தை அப்போதுதான் திருப்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மன்னிக்கலட்டி. ஆனா அவ மட்டும் இல்லன்னா, மன்னிக்காம இருக்கதுக்கு இன்னைக்கு நான் இருக்க மாட்டேன்லா."