நூற்றிருபதுக்கும் நூற்றுநாற்பதுக்கும் நடுவில்

அம்சவல்லிக்கு வாய் அதிகம் என்று விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்கிறவர்கள் சொல்லட்டும். ரேஷன் கடைத் தராசில் எடை குறைகிறது என்று கண்டுபிடித்து, கடை வாசலிலேயே ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை அதில் வைத்துக் காட்டியவள் அவள். பட்டறையில் நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு கக்கூஸ், அதற்கும் தாழ்ப்பாள் இல்லையே என்று முதலாளியை நிற்க வைத்துக் கேட்டவளும் அவள்தான். மூன்றாம் நாள் தாழ்ப்பாள் வந்தது. இன்றைக்கு அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே போகிற பெண்களே வெளியே வந்து அவளுக்கு வாய் அதிகம் என்கிறார்கள்.

பிறந்தது நல்லூர்ப் பக்கம். வெல்டிங் வேலை பார்க்கும் தமிழ்செல்வனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தாள். பதினோரு வருஷமாகப் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் பட்டறையில் வேலை. அச்சிலிருந்து வரும் பச்சை மண் கட்டைகளை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பிசிறு எடுத்து, அளவு பார்த்துப் பலகையில் அடுக்க வேண்டும். அளவு தப்பினால் கழிவு. கழிவுக்குக் கூலி கிடையாது. முதுகு ஒடிய உட்கார்ந்தால் நாளைக்கு எண்பது ரூபாய் தேறும். அளவு என்றால் என்ன என்று யாரும் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்டவள்தான் அளவில் ஏமாந்தாள்.

அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், முழுப் பரீட்சை லீவு. மூத்தவள் இளமதி மூன்றாவது முடித்திருந்தாள். சின்னவள் ஜெயஸ்ரீக்கு இரண்டு வயது, இன்னும் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. இளமதியின் வகுப்பில் மங்கலம்பேட்டையிலிருந்து வரும் பெண் ஒருத்தி. அரைப் பரீட்சை லீவில் அவளுடைய அப்பா துபாயிலிருந்து வந்தபோது குடும்பத்தோடு சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போய்வந்திருந்தார்கள். அங்கே டிராகன் ரயில் என்று ஒன்று இருக்கிறதாம், வானத்துக்கு ஏறித் தலைகுப்புற இறங்குமாம். டிவியைத் திறந்தால் அதற்கு விளம்பரம் வேறு. இளமதி வயசுப் பெண் ஒருத்தி முதல் சீட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கத்துவாள். அந்த விளம்பரம் வரும்போதெல்லாம் இளமதி சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"ஒரே ஒரு தடவம்மா. அதுல மட்டும் ஏறிட்டா போதும், வேற எதுவும் கேக்க மாட்டேன்."

அவள் வேறு எதையும் கேட்டதும் இல்லை. அதுதான் அம்சவல்லியை என்னவோ செய்தது. அந்த ரயிலில் உன்னை ஏற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். ஐந்து மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு முந்நூற்றைம்பது, சிறுவர்களுக்கு இருநூற்றைம்பது, கைப்பிள்ளைக்கு இலவசம் என்று தமிழ்செல்வன் பேப்பரைப் பார்த்துப் படித்தான்.

"வயச வச்சி இல்ல அம்சா, ஒசரத்த வச்சாம். நூத்தி இருவது சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தாதான் சின்னப் புள்ள டிக்கெட்டு."

பட்டறையில் தூக்கிப்போட இருந்த மூலை உடைந்த ஸ்கேல் ஒன்றை, கோடு போட உதவும் என்று இளமதிக்கு எடுத்துவந்திருந்தாள் அம்சவல்லி. அதை வைத்தே மகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள். நூற்றுப் பதினாறு. நாலு சென்டிமீட்டர் மிச்சம். பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிறுத்தும் வரிசையில் இளமதி கடைசியாக நிற்கிற பிள்ளை, எப்படி இவ்வளவு குறைவு என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

விடியற்காலை பஸ்ஸில் கிளம்பி, பாண்டிச்சேரியில் மாறி, கடற்கரைச் சாலையில் அந்த பார்க்கில் இறங்கியபோது மணி பத்தரை. வாசலிலேயே முதல் அடி விழுந்தது. செக்யூரிட்டி பையைத் திறந்து தூக்குவாளியை வெளியே எடுத்து வைத்தார். எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் ஏதோ வெடிகுண்டு மாதிரி.

"வெளி சாப்பாடு உள்ள எடுத்துட்டுப் போவக் கூடாதுங்க. டோக்கன் தரேன், போவும்போது வாங்கிக்கங்க."

"கைக்கொழந்தை இருக்குதுங்க. பசிச்சா என்னா பண்றது?"

"உள்ள ஓட்டல் இருக்குது."

ஓட்டல் இருந்தது. ஊரில் எட்டு ரூபாய் விற்கிற தோசை அங்கே நாற்பத்தைந்து. தண்ணீர் பாட்டில் இருபத்தைந்து. சோற்றை வாசலில் பிடுங்கிவிட்டு உள்ளே பசியை விலைக்கு விற்பதற்குப் பெயர் விதியாம். பகல் கொள்ளை என்பதைத் தவிர அம்சவல்லிக்கு வேறு பெயர் தெரியவில்லை. அன்றைக்கு வம்பு வேண்டாம், பிள்ளை டிராகன் ரயில் ஏறட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு டோக்கனை வாங்கி முந்தானையில் முடிந்தாள்.

டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் ஒரு கம்பம். அதில் யானை படம், யானையின் தும்பிக்கை நூற்றிருபதில் நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகளை வரிசையாக அதன் கீழே நிறுத்தி அளந்தார்கள். தூரத்திலிருந்து பார்க்கும்போதே அம்சவல்லிக்குச் சுருக்கென்றது. இளமதியை விடக் குட்டையாக இருந்த ஒரு பெண்ணின் தலை தும்பிக்கையில் இடித்தது.

அப்புறம்தான் புரிந்தது. பச்சை மண் சூளையில் வேகும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். வெந்த பிறகு பத்து சென்டிமீட்டர் வர வேண்டிய கட்டை, பச்சையில் பதினொன்று இருக்க வேண்டும். அதற்காகவே பட்டறையில் ஒரு தனி ஸ்கேல் உண்டு. அதில் ஒவ்வொரு சென்டிமீட்டரையும் கொஞ்சம் நீட்டிப் போட்டிருக்கும். பதினொன்றை அது பத்து என்று சொல்லும். பதினோரு வருஷம் கையில் பிடித்த அந்த ஸ்கேலால் பெற்ற பெண்ணை அளந்திருக்கிறாள். சூளையில் போட்டு எடுத்தால்தான் இளமதி நூற்றுப் பதினாறு இருப்பாள்.

தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. கூடுதலாக நூறு ரூபாய். ஒரு நாள் கூலிக்கும் மேல். திரும்பிப் போகிற பஸ் காசில் கை வைக்க வேண்டும். அவள் மகளின் காதருகே குனிந்தாள்.

"பாப்பா, அங்க நிக்கும்போது முட்டிய கொஞ்சம் மடக்கிக்க. பாவாடைல தெரியாது."

இளமதி மடக்கினாள். பிள்ளைக்கு அதில் என்ன பழக்கம், முதுகும் சேர்ந்து கூனியது. அளக்கிற ஆள் சிரித்துக்கொண்டே அவள் தாடையைப் பிடித்துத் தூக்கினார்.

"நிமிந்து நில்லு பாப்பா. ஏமாத்தக் கூடாது." பிறகு கவுண்டரைப் பார்த்து வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "நூத்தி இருவத்தெட்டு. இது அடல்ட்டு."

இளமதியின் முகம் சிவந்து போயிற்று. தமிழ்செல்வன் பணத்தைக் கட்டினான். எட்டு வயசுப் பிள்ளை, விழுந்த முன்பல் இன்னும் முளைக்கவில்லை, அடல்ட்டாம். எந்த ஊர் நியாயம் இது? பஸ்ஸில் அரை டிக்கெட், பள்ளிக்கூடத்தில் மூன்றாவது, ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு. இவர்கள் கம்பத்தடியில் மட்டும் பெரிய மனுஷி. ஆனாலும் பிள்ளையைக் கூனச் சொன்னது தன் வாய்தானே என்பது அம்சவல்லியை உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

டிராகன் ரயிலுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் வரிசை. தமிழ்செல்வன் சின்னவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். மேலே ரயில் கடகடவென்று போகும்போதெல்லாம் இளமதி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். முறை நெருங்கியதும் பார்த்தால், அங்கேயும் ஒரு கம்பம்.

இளமதி கம்பத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, இங்க குனியணுமா, எம்பணுமா?"

அம்சவல்லி பதில் சொல்வதற்குள் பிள்ளை தானாகவே குதிகாலைத் தூக்கிக்கொண்டு கம்பத்தடியில் போய் நின்றுவிட்டது. கோடு நூற்றுநாற்பதில் இருந்தது.

"காலக் கீழ வை பாப்பா," என்றார் அங்கே இருந்தவர். "ஹைட்டு பத்தாது. சின்னப் புள்ளைங்களுக்கு அந்தப் பக்கம் குதிர ராட்டினம் இருக்குது, அதுல போ."

"யாருங்க சின்னப் புள்ள?" என்றாள் அம்சவல்லி.

"பாப்பாதாங்க. சேஃப்ட்டிக்குத்தான் சொல்றோம், பெல்ட்டு நிக்காது."

"பெல்ட்டு நிக்கலன்னா ஏத்தாதீங்க. எம் பொண்ண நானே ஏத்த மாட்டேன். ஆனா வாசல்ல இவள அடல்ட்டுன்னு சொல்லி முந்நூத்தி அம்பது வாங்கனீங்க. இங்க சின்னப் புள்ளன்னு சொல்றீங்க. ரெண்டுல எது நெசம்?"

"அது டிக்கெட்டு ரூல்ஸுங்க. இது ரைடு ரூல்ஸு."

நூற்றிருபதுக்கு மேல் போனால் காசுக்குப் பெரியவள். நூற்றுநாற்பதைத் தொடாவிட்டால் சவாரிக்குச் சின்னவள். நடுவில் இருபது சென்டிமீட்டர். அந்த இருபது சென்டிமீட்டரில்தான் எட்டு வயது, ஒன்பது வயது, பத்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் நிற்கிறார்கள். அந்த இருபது சென்டிமீட்டரில்தான் இந்தக் கம்பெனி சம்பாதிக்கிறது. டிவியில் கையைத் தூக்கிக் கத்திய அந்தப் பெண்ணை எந்தக் கம்பத்தில் வைத்து அளந்தார்களோ தெரியவில்லை. இவ்வளவும் தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இளமதியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நூறு ரூவாய எண்ணி வைங்க. எழுந்துக்கறேன்."

வரிசை நின்றது. பின்னால் இருந்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அப்புறம் திட்டக்குடியிலிருந்து வந்திருந்த ஒருவர் தன் மகனைக் கம்பத்தில் நிறுத்திப் பார்த்தார். அவனும் பத்தவில்லை, அவனுக்கும் முழு டிக்கெட். "அந்தம்மா சொல்றது நாயந்தானங்க," என்று அவர் குரல் கொடுத்ததும் முணுமுணுப்பு வேறு பக்கம் திரும்பியது. தமிழ்செல்வன் சின்னவளோடு ஓடி வந்தான். எழுந்திரு என்று சொல்லத்தான் வந்தான். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் உட்கார்ந்துகொண்டான்.

மேனேஜர் வந்தார். டை கட்டியிருந்தார், நன்றாக வியர்த்திருந்தது. ரீஃபண்டு வழக்கம் கிடையாது என்றார். வேண்டுமானால் கூல்டிரிங்க்ஸ் கூப்பன் தருகிறேன் என்றார். அம்சவல்லி அசையவில்லை. கடைசியில் அவர் குனிந்து, தன் சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"வச்சிக்கங்கம்மா. யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க."

அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். மண் அரைக்கிற மில் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது.

"அல்லாருக்கும் சொல்றேன், கேட்டுக்கங்க. முழு டிக்கெட்டு வாங்கி இதுல ஏத்தாத புள்ளைங்களுக்கு நூறு ரூவா திருப்பித் தராங்க. சார் இப்பதான் எனக்குத் தந்தாரு. போயி வாங்கிக்கங்க."

வேறு எதிலும் ஏற இளமதிக்கு மனமில்லை. வெளியே வரும்போது கவுண்டரின் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். இருபது முப்பது பேர் பிள்ளைகளோடு அதைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் நகர்கிற மாதிரி தெரியவில்லை.

டோக்கனைக் கொடுத்துத் தூக்குவாளியை வாங்கி, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வறுவல் நமத்துப் போயிருந்தது. தமிழ்செல்வன் சின்னவளுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டினான். இளமதி தன் பங்கைத் தொடாமல் வைத்திருந்தாள்.

"அடுத்த வருசம் நான் நூத்தி நாப்பது ஆயிடுவேனாம்மா?"

"ஆவ மாட்ட பாப்பா. அப்பிடியே ஆயிட்டாலும் திரும்ப வர நம்மகிட்ட காசு கெடயாது. ஏத்தறேன்னு சொல்லிட்டு என்னால முடியல."

இளமதி தன் பங்கை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

"காலைல நான் இன்னும் நல்லா குனிஞ்சிருந்தா, அந்த அங்கிள் கண்டுபுடிச்சிருக்க மாட்டாருல்ல?"

அம்சவல்லி சோற்றைக் கீழே வைத்தாள். மகளின் தாடையை அந்த ஆள் பிடித்த இடத்தைத் தன் கையால் துடைத்துவிட்டாள்.

"இனிமே எவன் சொன்னாலும் குனியாத," என்றாள். "நான் சொன்னாலும் குனியாத."