கால் மணித்தியாலத்தில் இறக்கிவிடுகிறேன்

போன வருடம் சித்திரை மாதம், வேலணையில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் கொழும்பிலிருந்து புதுக்காரில் போயிருந்தேன். புது என்றால் எனக்குப் புது. ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த மின்சாரக் கார்தான். ஆனால் சாதாரணக் கார் இல்லை. மிதித்தால் முதுகு கதிரையோடு ஒட்டிவிடும். ஆறு மாதம் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. அதன் பெருமையைப் பேசாமல் என்னால் ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்க ஏலாது.

அதற்கு முதல் மாதம்தான் தெற்கில் ஓர் ஓட்டப்பந்தயப் பாதையில் அதை ஓட்டிப் பார்த்திருந்தேன். முதல் சுற்றில் எல்லாப் பெற்றோல் கார்களும் எனக்குப் பின்னால். இரண்டாவதும் அப்படித்தான். நாலாவது சுற்றில் முன்திரையில் சின்னதாக ஓர் ஆமைப் படம் வந்தது. பற்றரி கொதித்துவிட்டால் கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வலுவைக் குறைத்துவிடுமாம். இருபது வருடப் பழைய கார் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. "ஒரு சுற்று ஆரும் ஓடலாம். பத்தாவது சுற்றும் அப்படியே ஓட வேணும்" என்று அங்கே ஒருவர் சொன்னார். வெயில்தான் காரணம் என்று சொல்லித் தப்பிவிட்டேன்.

பட்டும் புத்தி வரவில்லை. அல்லைப்பிட்டிக்கு அங்கால் நேர் ரோட்டைக் கண்டதும் கால் துறுதுறுத்தது. மச்சான் இறங்கி நின்று போனில் வீடியோ எடுக்க, நான் நின்ற இடத்திலிருந்து பாய்ந்து காட்டினேன். "இன்னொருக்கா" என்பான். திருப்பிக்கொண்டு வந்து இன்னொருக்கா. உச்சி வெயிலில் எட்டுத் தடவையாவது பாய்ந்திருப்பேன். பொது ரோட்டில் செய்யக்கூடிய வேலையா அது என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பிறகு மச்சானை வேலணைச் சந்தியில் இறக்கினேன். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கையில் ஒரு கடதாசிப் பார்சலோடு பஸ்சுக்கு நின்றார். "தம்பி, குறிகட்டுவான் பஸ் போட்டுதோ?" என்று எங்களிடம் கேட்டார்.

"இன்னும் இல்லை அண்ணை. இண்டைக்குப் பிந்துது போல" என்றான் மச்சான்.

அவர் குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுக்குப் படகு பிடிக்க வேண்டும் என்றார். எனக்கு அது போதும். "பஸ்ஸை விடுங்கோ அண்ணை, ஏறுங்கோ. கால் மணித்தியாலத்தில இறக்கிவிடுறன்."

"பரவாயில்லைத் தம்பி, பஸ் வரட்டும்" என்றார். நான் விடவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். முகத்தை முறிக்க மனமில்லாமல் ஏறினார்.

கொஞ்ச தூரம் போனதும்தான் மெதுவாகச் சொன்னார். "அப்பா காலமை மோசம் போட்டார். நான் வவுனியாவிலயிருந்து வாறன். இண்டைக்கு இதுதான் கடைசிப் படகு. பொழுதுபட முன்னம் பிரேதத்தை எடுக்கினம். நான்தான் மூத்தவன், கொள்ளி வைக்க வேணும்." மடியிலிருந்த பார்சலுக்குள் புது வேட்டி.

நான் மிதித்தேன். கார் பாயவில்லை. திரையில் ஆமை!

புங்குடுதீவுப் பாலத்தில் ஏறும்போது வேகம் முப்பதுக்கு மேல் போகவில்லை. குளிரூட்டியை நிறுத்தினேன். கண்ணாடிகளை இறக்கினேன். இரண்டு பக்கமும் கடல், சுட்ட காற்று. எனக்கு வியர்த்து ஊற்றியது. அவர் பார்சலைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி இருந்தார்.

பின்னால் கோர்ன் சத்தம். நாங்கள் விட்டுவிட்டு வந்த அதே பஸ். வெட்கத்தில் காரை ஓரம் கட்டி வழிவிட்டேன். அது கலகலத்துக்கொண்டு எங்களைத் தாண்டியது.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, அந்தப் பஸ் வராமல் படகு வெளிக்கிடாது. எவ்வளவு பிந்தினாலும் நிக்கும். ஆனால் பஸ் போய்ச் சேர்ந்தால் பிறகு நிக்காது."

பஸ்சில் ஏறியிருந்தால் இந்த மனிதருக்கு ஒரு பயமும் இருந்திருக்காது. தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போனவரை இழுத்து ஏற்றி, நடுக்கடலில் வைத்துக்கொண்டு நான் உருண்டுகொண்டிருக்கிறேன்.

விடாமல் கோர்ன் அடித்தேன். லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தேன். பஸ் சிறுத்துக்கொண்டே போனது. அவர் பார்சலைக் கிழித்து அந்த வேட்டியை எடுத்து, கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக் காட்டினார். காற்றில் அது முழுநீளத்துக்கும் விரிந்தது. பஸ்சின் பின் சீற்றில் இருந்த ஆரோ கண்டிருக்க வேண்டும். பாலம் முடியும் இடத்தில் பஸ் நின்றது.

நாங்கள் போய்ச் சேரும்வரை நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து வேட்டியைப் பார்த்ததும் அவர் தோளைப் பிடித்து ஏற்றினார். நான் அழுகிற நிலையில் "அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் மிதிபலகையில் நின்று திரும்பி, "நீர் உதவி செய்யத்தானே நினைச்சனீர். காரைக் கொஞ்சம் ஆறவிடும்" என்றார். தகப்பனை இழந்து நிற்கிறவர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நான் உருட்டிக்கொண்டு துறைக்குப் போனபோது படகு போய்விட்டது. கண்டக்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "ஏத்திவிட்டாச்சு, யோசியாதேங்கோ" என்றார். கண் கலங்கிவிட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பும்போது, ஒன்றுமே நடக்காததுபோல் கார் பழையபடி பாயத் தயாராக இருந்தது. எனக்குச் சந்தோசம் வரவில்லை, என்மேல் கோபம்தான் வந்தது. காரில் என்ன பிழை? அது தன்னால் முடிந்ததையும் முடியாததையும் பந்தயப் பாதையிலேயே ஆமை போட்டுச் சொல்லியிருந்தது. நான்தான் அவருக்குச் சொல்லவில்லை.

இப்போதும் வழியில் யாரையாவது "ஏறுங்கோ" என்று கூப்பிட வாய் எடுத்தால், அந்த வேட்டி கண்ணில் ஆடுகிறது. கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்க என்னிடம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறக்கிறேன்.